ஆறாம் அத்தியாயத்து உதாரணம்

செங்கல்பட்டு
8 செப்டம்பர் 2024

அன்புள்ள பரிமளா,

ஐந்தாம் அத்தியாயம் நேற்றுத் தபாலில் திரும்பி வந்தது. புரியாத இடமென்று பதினேழு வட்டம் போட்டிருக்கிறாய். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரும் சேர்ந்து ஒரு வருஷத்தில் இத்தனை கேள்வி கேட்டதில்லை. "இருத்தல், இருத்தல் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. யார் இருக்கிறது, எங்கே இருக்கிறது, முகவரி கொடு" என்று ஓரத்தில் நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜை பாலசுப்ரமணியன் சார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போனில் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். ஆனால் முதல் நாளே நீ கறாராகச் சொல்லிவிட்டாய்: "புத்தகம் வாங்குறவன் உனக்கு போன் போட்டா கேப்பான்? நானும் கேக்க மாட்டேன். நீ எழுதி அனுப்பு, நானும் எழுதி அனுப்புறேன்." அதனால்தான் முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு நாம் இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் புத்தகம் எதற்கு என்று நீ கேட்டிருந்தாய். நான் தத்துவம் எம்.ஏ. சேர்ந்தபோது என் அம்மா, அடுத்தவர் வயலில் களை எடுத்துவிட்டு வந்து, "நீ இன்னாம்மா படிக்கிற?" என்று கேட்டாள். "மனுஷன் எதுக்கு இருக்கான்னு படிக்கிறேன்மா" என்றேன். "அதுக்கு அவ்ளோ பெரிய காலேஜா?" என்றாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பதில் பாக்கி இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து பீச் வரை எலக்ட்ரிக் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி எழுத வேண்டும். பிளஸ் டூவில் தமிழில் என்னைவிட எட்டு மார்க் அதிகம் வாங்கின உனக்குப் புரிந்தால் அவர்களுக்கும் புரியும்.

இதோடு ஆறாம் அத்தியாயம் வைத்திருக்கிறேன். 'தேர்வு செய்கிறவனின் நடுக்கம்'. தை மாதப் புத்தகக் கண்காட்சிக்குள் முடிக்க வேண்டும் என்று பதிப்பாளர் நெருக்குகிறார். தம்பி சின்னராசுவுக்குப் பெண் பார்த்தது என்ன ஆயிற்று? எழுது.

உன்
ரெபேக்காள்


கொக்கிலமேடு
15-9-24

ரெபேக்கா,

ஆறாம் அத்தியாயத்தில் வட்டமே போடவில்லை. எல்லாம் புரிந்தது. ஒன்றும் ஒட்டவில்லை.

ஒரு ஆள் துணிக்கடைக்குப் போகிறான். நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று நிற்கிறான். எதை எடுத்தாலும் அது அவன் பொறுப்பு என்கிறாய். அடியே, பிடிக்கவில்லை என்றால் மறுநாள் போய் மாற்றிக்கொண்டு வருவான். இதற்கு எதற்கு மனுஷன் நடுங்க வேண்டும்? மாற்ற முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்த ஆள் ஒருத்தர்கூட உனக்குத் தெரியாதா? அந்த ஆளை எழுது. பேரை மாற்று, ஊரை மாற்று, ஆள் மட்டும் நிஜமாக இருக்கட்டும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நாங்கள் மீன் எடுப்பதில்லை. படிக்கிறவனும் அப்படித்தான் பார்ப்பான்.

சின்னராசுவுக்கு முடிந்துவிட்டது. பெண் கோவளம். தையில் கல்யாணம். அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போது எங்கள் அம்மா போனது உனக்குத் தெரியும். நான் கட்டிக்கொண்டு வந்த வீட்டுக்கு அவனும் கூடவே வந்தான். "எனக்குக் குடுத்த சீரே இந்தப் பையன்தான்" என்று இவர் அப்போது கேலி செய்வார். இப்போது அவன் மாப்பிள்ளை. அம்மா இடத்தில் நான் நிற்க வேண்டும்.

என் பிள்ளை யுவராஜ் போய் இரண்டு ஆடி ஓடிவிட்டது. கல்யாண வேலையில் அவன் இருந்தால் எங்கே ஓடுவான், எதைத் தூக்குவான் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். போட் கவிழ்ந்து மூன்று பேரும் தண்ணீரில். தம்பி மண்டை உடைந்து வந்தான், இவர் வந்தார், பதினேழு வயதுப் பிள்ளை வரவில்லை. "திரும்பிப் பாத்தேன், இல்ல" என்று இவர் சொன்னதோடு சரி. அவன் கூப்பிட்டானா என்று தெரிந்தால் போதும் எனக்கு. உன்னிடம் எத்தனை தடவை இதைச் சொல்லி அழுதிருக்கிறேன், நீயும் பாவம், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

இவருக்கு இடது தோள் இன்னும் சரியாகவில்லை. மாமல்லபுரத்தில் டாக்டரிடம் படம் எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை, நரம்பிலும் ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லாத கை ஏன் ஒரு டீ கிளாஸைத் தூக்க மாட்டேன் என்கிறது? உங்கள் தத்துவத்தில் இதற்கு மருந்து இருந்தால் சொல்லு.

பரிமளா


செங்கல்பட்டு
29 செப்டம்பர் 2024

அன்புள்ள பரிமளா,

சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நீ சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. ஒரே மூச்சில் எழுதினேன். புதிய பகுதியை மட்டும் கீழே கொடுத்திருக்கிறேன். சரியாக வந்திருக்கிறதா என்று சொல்.

"சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஓர் ஆள். கிணறு தூர்வாருவது தொழில். ஒரு நாள் பக்கச்சுவர் சரிந்து தண்ணீர் பாய்ந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவன் அவனுடைய சொந்தத் தம்பி, நன்றாக நீந்துவான். இன்னொருவன் கூட வேலை செய்கிறவன், தலையில் கல் விழுந்து மயங்கிக்கொண்டிருந்தான். வலது கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கியவனுக்கு மிச்சம் இருந்தது இடது கை ஒன்றுதான். மயங்கியவனைப் பிடித்தான். தம்பி எப்படியும் ஏறிவிடுவான் என்று நினைத்தான். தம்பியின் கால் சிக்கியிருந்தது அவனுக்குத் தெரியாது.

"விதி என்று அவன் சொல்லியிருக்கலாம். ஊரே ஒப்புக்கொண்டிருக்கும். அவன் சொல்லவில்லை. பிடித்தது நான் என்றான். அன்றிலிருந்து இடது கையால் அவன் எதையும் வாங்குவதில்லை. டீ கொடுத்தால், வலது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையாலேயே வாங்குவான். கேட்டால் சுளுக்கு என்பான்.

"இந்த மனிதன் சுதந்திரமானவன் என்கிறது தத்துவம். சுதந்திரம் என்றால் இஷ்டத்துக்குத் திரிவது இல்லை. செய்ததை இறக்கி வைக்க வேறு தலை கிடைக்காமல் நிற்பது."

இவ்வளவுதான். கல்லூரியில் உள்தேர்வு நடக்கிறது, அதிகம் எழுத நேரமில்லை.

ரெபேக்காள்


கொக்கிலமேடு
4-10-24

ரெபேக்கா,

புரிந்தது. ஒட்டியும் விட்டது.

அந்தக் கிணற்று ஆள் யார்? உன் கற்பனையா, நிஜமா? நிஜம் என்றால் பேர் என்ன? இடது கை விஷயம் உனக்கு யார் சொன்னார்கள்?

வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில். போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

பரிமளா


செங்கல்பட்டு
7 அக்டோபர் 2024

அன்புள்ள பரிமளா,

கற்பனைதான். எங்கள் ஊர்ப் பக்கம் எப்போதோ கிணறு சரிந்ததாகச் சின்ன வயதில் கேள்விப்பட்டதை வைத்துக் கட்டியது. கை விஷயம் ஒரு நயத்துக்காகச் சேர்த்தது. தேவா அண்ணனுடைய தோள்வலி மனதில் எங்கோ இருந்து அப்படி வந்திருக்கலாம். நீ வருத்தப்பட்டிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுகிறேன்.

கல்யாண வேலையில் நான் எதற்கு வர வேண்டும் என்று சொல். புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவதாக இருந்தால் எனக்கு லீவு இருக்கிறது.

ரெபேக்காள்


செங்கல்பட்டு
8 அக்டோபர் 2024

பரிமளா,

நேற்று எழுதியது பொய். தபால் பெட்டியில் போட்ட கை இன்னும் கூசுகிறது.

அன்று ஆஸ்பத்திரியில் சின்னராசுவுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன்னை உன் ஊர்ப் பெண்கள் வெளியே மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். தேவா அண்ணன் தாழ்வாரத்தில் சுவரோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

"ரெண்டு பேரும் கைக்கு எட்ற தூரத்துல தான் இருந்தாங்கோ டீச்சர். ராசுக்கு ரத்தம் ஊத்திகினு கீது, கண்ணு சொருகிடுச்சி. யுவா நீஞ்சுறவன் தான, வந்துடுவான்னு நெனச்சேன். இந்தக் கையால ராசுவப் புடிச்சேன். திரும்பினா புள்ள கால்ல வல சுத்திகினு கீது. எட்டல டீச்சர்." இடது கையை நீட்டிக் காட்டினார். பிறகு, "அவகிட்ட சொல்லிடாத. தம்பியப் பாக்குறப்பல்லாம் அவ செத்துருவா" என்றார். நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நீ தோள் என்று நினைத்தாய். எனக்குத் தெரியும், தோள் இல்லை.

கடலைக் கிணறாக்கினேன், மகனைத் தம்பியாக்கினேன், உன் தம்பியைக் கூலிக்காரனாக்கினேன். உன்னுடையது ஒன்றுகூட அதில் மிச்சமில்லை என்று நம்பினேன். பத்துத் தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். மன்னித்துவிடு என்று எழுதக்கூட எனக்கு அருகதை இல்லை. அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன்.

ரெபேக்காள்


கொக்கிலமேடு
20-10-24

ரெபேக்கா,

உன் கடிதத்தைப் பதினோரு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்குப் போய்வருகிறேன். மீன் வாசனை ஏறிவிட்டது.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை அவருக்கு டீயை வேண்டுமென்றே இடது பக்கம் நீட்டினேன். வலது கையில் ஊசியும் வலையும் இருந்தன. ஊசியைக் கீழே வைத்தார், வலையைக் கீழே வைத்தார், அந்தக் கையாலேயே வாங்கினார். நீ எழுதினபடியே. இரண்டு வருஷமாக என் கண் முன்னால் நடந்ததை நான் ஒரு தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மத்தியானம் சின்னராசு வந்தான். "அக்கா, பசி. சோறு போடு" என்று உட்கார்ந்தான். வஞ்சிரம் வைத்திருந்தேன். அவனுக்குப் பெரிய துண்டைப் போடப் போனேன், கை நின்றுவிட்டது. "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றான். வாய்க்கு வந்ததை எதையோ சொன்னேன். அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? இவன் போயிருந்தால் என் பிள்ளை இங்கே உட்கார்ந்து சாப்பிடுவான் என்று நினைத்தேன். ஒரு நொடிதான். நான் வளர்த்த பிள்ளையைப் பார்த்து நான் அப்படி நினைத்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? உன்னிடம்தான் சொல்ல முடிகிறது, அதுதான் கொடுமை.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. மயங்கிக் கிடந்தவன். மாமன்தான் காப்பாற்றினார் என்று மட்டும் தெரியும். கோவளத்துப் பெண் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்கிறான்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரியும் என்று இவரிடம் சொல்வதா? சொன்னால் எழுந்து எங்காவது போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் தினமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சோறு போடுவேன்? ஒரே வீட்டில் இனிமேல் எப்படி இருப்பது? ஆறு அத்தியாயம் எழுதிவிட்டாய். எனக்கு ஒரு பதில் எழுது.

யுவா கூப்பிட்டானா? அதை நீ எழுதவில்லை.

பரிமளா


செங்கல்பட்டு
25 அக்டோபர் 2024

பரிமளா,

யுவா கூப்பிட்டானா என்று நான் அவரைக் கேட்கவில்லை. எனக்குத் துணிச்சல் இல்லை. இது சத்தியம்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாய். நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். சொல்லிவிடு என்று எழுதினால், அந்த வீட்டில் அதன்பிறகு நடப்பதை அனுபவிக்கப்போவது நீ, நான் இல்லை. சொல்லாதே என்று எழுதினால், நான் செய்ததையே உன்னையும் செய்யச் சொல்கிறேன். உனக்காக இன்னொருவர் முடிவு செய்ய முடியாது, அது உன்னுடையது மட்டும்தான். இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, உனக்கு எரிச்சல் வரும். ஆனால் இதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னுடையது ஒன்றும் மிச்சமில்லை என்று நம்பினேன் என்றேனே, அதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். அந்தக் கையை மட்டும் ஏன் மாற்றாமல் விட்டேன்? கால் என்று எழுதியிருக்கலாம். கண் என்று எழுதியிருக்கலாம். எத்தனையோ பேர் இருக்க, உனக்கு ஏன் அனுப்பினேன்? உனக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குள் ஒருத்தி ஆசைப்பட்டிருக்கிறாள். வாயால் சொல்லவில்லை, அதனால் கொடுத்த வாக்கு தவறவில்லை என்று ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவர்களைப் பற்றி நாலாம் அத்தியாயம் முழுக்க எழுதினவள் நான். அதில் நீ ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

புத்தகத்தை நிறுத்திவிட்டேன். பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். நான் வந்து உன்னைப் பார்க்கட்டுமா? வாசலில் நின்றுவிட்டுப் போகச் சொன்னாலும் சரி.

ரெபேக்காள்


கொக்கிலமேடு
17-11-24

ரெபேக்கா,

நீ வர வேண்டாம். நடந்ததை எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கடல் மோசம், யாரும் போகவில்லை. காலையில் அவர் போட் நிழலில் வலை கட்டிக்கொண்டிருந்தார். நீ அனுப்பின தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னா அது?" என்றார். "டீச்சர் எழுதுற புத்தகம். ஒரு கத வருது, படிக்கிறேன் கேளு" என்றேன். என் வாயால் சொல்லத் துணிச்சல் இல்லை. உன்னைத் திட்டுகிறேனே, நானும் உன்னைப் போலத்தான் தாளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

படித்தேன். கயிறு, கிணறு, தம்பி, மயங்கினவன். இடது கை வந்தபோது ஊசி நின்றுவிட்டது. நான் தலை நிமிரவில்லை. கடைசி வரி வரை படித்து முடித்தேன்.

ஊசியை வலையில் செருகிவிட்டு, "அந்தாளு பொண்டாட்டிக்குத் தெரியுமா? அதுல போட்டுகீதா?" என்றார்.

"போடல."

"தெரிஞ்சா இன்னா பண்ணுவா?"

"தெரியல. அவளுக்கு ஒண்ணுதான் கேக்கணும். அந்தத் தம்பிக்காரன் கூப்ட்டானா?"

வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கூப்ட்டான். ஒரே ஒரு வாட்டி. அப்பான்னான்."

கிணற்றில் இருந்தது தம்பி, ரெபேக்கா. தம்பி யாரையும் அப்பா என்று கூப்பிட மாட்டான். அவருக்கும் அது புரிந்துவிட்டது. வலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பிள்ளையை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தொடவில்லை. தொட்டிருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் தொடவில்லை. அது எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டிலேயேதான் இருக்கிறேன், இருப்பேன். சின்னராசுவிடம் இருவரும் சொல்லப்போவதில்லை. அதையும் பேசிக்கொண்டோம். அவன் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு போகட்டும்.

புத்தகத்தை நிறுத்தாதே. கிழித்த அத்தியாயத்தைத் திரும்ப எழுது. என்னிடம் இருக்கும் தாளை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு மனுஷனுக்கு அது முழுக்கப் புரிந்தது. உன் அம்மாவுக்கும் புரிந்திருக்கும்.

ஆனால் ஏழாம் அத்தியாயத்தை எனக்கு அனுப்பாதே. வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

அவர் தப்பான ஆளைப் பிடிக்கவில்லை. என் தம்பியைப் பிடித்தார். அதற்காக எந்த வாயால் அவரைத் திட்டுவேன்? அவருக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு அலை நேரம். உனக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. யுவா கூப்பிட்டானா என்று நான் அழுத ஒவ்வொரு தடவையும் பதில் தெரிந்த ஒருவரைக் கேட்டுச் சொல்ல உனக்கு வழி இருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்று நானும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவரோடு இருந்துவிட முடியும் என்று தோன்றுகிறது. உன்னோடு முடியவில்லை. மனசு ஆறினால் பார்க்கலாம் என்று எழுத வந்தேன், எழுதவில்லை. இதை விதி மேல் போட மாட்டேன். நான்தான் செய்கிறேன், நன்றாக யோசித்துத்தான் செய்கிறேன், செய்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை உனக்கு வராது. சின்னராசு கேட்டால் டீச்சருக்குக் காலேஜில் வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

பரிமளா